கிழக்கு பார்த்து நிற்பவள்

எட்டாம் வகுப்பு வரிசை மட்டும் இன்னும் நேராகவில்லை. கடைசியில் நின்ற நாலைந்து பேர் தலையைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எட்டாம் கிளாஸ், முன்னால பாரு. முன்னாலன்னு சொன்னேன்.”

தலைகள் திரும்பின. முந்நூறு பேர் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்து நின்றார்கள். வெடிச் சத்தம் கேட்டு ஆறு நிமிடம் ஆகியிருந்தது. ஜன்னல் கம்பிகளின் அதிர்வு அடங்குவதற்குள் மணி மூன்று முறை விட்டு விட்டு அடித்தது. எல்லோரும் மைதானத்துக்கு வந்து வகுப்பு வாரியாக நின்றுவிட்டார்கள். கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, அவர்களைப் பார்த்து நின்றது ஒருத்தி மட்டும். அனுப்பிரியா. பத்தாம் வகுப்பு. ட்ரில் டீமின் லீடர்.

கிழக்கே கேட். கேட்டுக்கு அப்பால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் கருவேலங்காடு, அதற்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனிகள். எல்லாம் அவள் முகத்துக்கு நேராக இருந்தன. மற்றவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தன.

புகை மேலே வெள்ளையாகவும் அடியில் சாம்பல் நிறமாகவும் எழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு வலப்பக்கம். அந்தப் பக்கம் இருப்பது ஒரே கம்பெனி. அவளுடைய அம்மா குருவம்மாளுக்கு அங்கேதான் வேலை. காலை ஏழே காலுக்குக் கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

“அக்கா மூஞ்சியப் பாருடி. எந்தப் பக்கம்னு தெரியுதா?” ஆறாம் வகுப்பில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

“அது சிமெண்டு. அதுல என்னத்தத் தெரியும்?”

அனுப்பிரியாவுக்குக் கேட்டது. அவள் முகத்தை மாற்றவில்லை.

முன்பு இந்தப் பள்ளியில் வேறு மாதிரியான ட்ரில் டீம் இருந்தது. சுதந்திர தினத்துக்கு விருதுநகர் போய் அணிவகுப்பில் நடந்துவிட்டு வரும். தலைமையாசிரியர் அறையில் அதற்கான கோப்பைகள் ஆறு இருக்கின்றன. ஆறாவது கோப்பை வந்த வருடம், இதே போல ஒரு பகல் நேரத்தில், ஒரு கம்பெனி வெடித்தது. பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்து அம்மாவைத் தேடி ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து அறை வெடித்தது. ஒன்பதாம் வகுப்பு அக்காவும் ஆறாம் வகுப்புத் தம்பியும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு உடற்கல்வி ஆசிரியர் ரத்தினசாமி டீமைப் போட்டிக்குக் கூட்டிப்போவதில்லை. டீமில் உள்ள இருபத்துநாலு பேரின் வேலையை அவர் ஒன்றாக்கினார். சத்தம் கேட்டால் பள்ளியை நிறுத்தி வைப்பது. இரண்டாவது வெடிக்கான நேரம் கடந்து, ரோடு சரியாகி, அவர் ஒரு நீண்ட விசில் அடிக்கும்வரை.

புகையைப் பார்த்தால் கால் நிற்காது. அதனால் எல்லோருக்கும் முகம் மேற்கே. லீடருக்கு மட்டும் கிழக்கே. கேட்டை யாராவது ஏறினால், வரிசையின் வால் கலைந்தால் பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்த்ததைச் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் பதில் கிடையாது.

டிரம் அடிக்கிறவன் கம்பெனியில் யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். கை நடுங்கக் கூடாது. இப்போது தவுபிக். அவன் அத்தாவுக்கு பஜாரில் பாத்திரக்கடை. லீடருக்கு நேர்மாறு. வீட்டிலிருந்து ஒருவராவது கம்பெனிக்குப் போகவேண்டும். இல்லையென்றால் நில் என்று சொன்னால் யார் நிற்பார்கள் என்பார் ரத்தினசாமி.

ஜூன் மாதம் லீடர் தேர்வு நடக்கும். சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். டீம் எதிரே நின்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சிரித்தாலும் முறைத்தாலும் போச்சு. அனுப்பிரியா நின்றபோது ஒன்பதாம் வகுப்பு ஹர்ஷினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

“அனுக்கா, ஒங்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நம்ம தவுபிக்கு. சீதனமா டிரம்மு தாறாக.”

“ஏய், என்னைய ஏன் இழுக்கே? டிரம்மு ஸ்கூலுது,” என்றான் தவுபிக்.

ரத்தினசாமியே சிரித்துவிட்டார். அனுப்பிரியா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சிமெண்டு என்று பெயர்.

வீட்டில் சொன்னபோது குருவம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாப் பிள்ளையும் ஓடுதப்போ நீ மட்டும் நிப்பியாக்கும்?”

“யாரும் ஓட மாட்டாகம்மா. நிப்பாட்டத்தான் நான்.”

“எனக்கு ஒண்ணுன்னா வரமாட்டே. அதச் சொல்லு.”

அனுப்பிரியா தட்டை எடுத்து வைத்தாள்.

பத்தாவது நிமிடம் கருவேலங்காட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமென்றால் நடந்து வந்துதான் சொல்ல வேண்டும். முதலில் ஏழெட்டுப் பேர், பிறகு கூட்டமாக. ரோட்டைக் குறுக்கே கடந்து கேட்டில் வந்து முட்டினார்கள். அலுமினியப் பவுடர் எல்லோர் மேலும் அப்பியிருந்தது. தலை, முகம், கை, சேலை எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளி. கண்ணும் வாயும் மட்டும் தனியாகத் தெரிந்தன. அனுப்பிரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே முகமாக இருந்தது. அம்மா குட்டை. அங்கே பாதிப்பேர் குட்டை.

தலைமையாசிரியை பொன்னுத்தங்கம் கேட்டின் உள்பக்கம் சாவியோடு நின்றார்.

“தொறங்க டீச்சர், எம்பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதேன்.”

“பிள்ளைக பத்திரமா இருக்கு. கொஞ்சம் பொறுங்க. இப்பத் தொறந்தா அம்புட்டும் ரோட்டுக்கு வந்துரும்.”

பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“ஓவியா! ஏ ஓவியா!”

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் திரும்பாமலே கையை உயர்த்தி, “எம்மா,” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“மணிகண்டராஜ்! அம்மை இங்கன நிக்கேன்லே!”

ஒவ்வொரு பெயர் வரும்போதும் வரிசையில் ஒரு தோள் இறங்கியது. சற்று முன் முந்நூறு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள். இப்போது பெயர் வந்தவர்கள் வேறு, வராதவர்கள் வேறு. பெயர் வராதவர்கள் தோளைத் தூக்கியபடி நின்றார்கள். அனுப்பிரியாவுக்கு அது மேலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. அவள் பெயரும் வரவில்லை.

ஏழாம் வகுப்பின் முன்வரிசையில் நின்ற சூர்யபிரகாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, எங்கம்ம நிக்காகளா? நீலச் சட்டை மாட்டியிருப்பாக. மேல போடுத ஆம்பளச் சட்டை.”

நீலம் எதுவும் அங்கே இல்லை. இருந்தாலும் தெரியாது.

“நீங்க பாக்கீகல்லா. சொன்னா என்ன?”

அவள் வரிசையின் வாலைப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு. ஆமான்னா கண்ணைச் சிமிட்டுங்க. இல்லைன்னா சும்மா இருங்க.”

அனுப்பிரியா கண்ணைச் சிமிட்டாமல் வைத்திருக்க முயன்றாள். அதுவும் பதிலாகிவிடும் என்று உடனே புரிந்தது. இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே சிமிட்டினாள். சூர்யபிரகாஷ் குழம்பிப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

“சொல்லுக்கா!” எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்கம்ம பேரு வரலக்கா!”

“நான் போறேன். செவுரு ஏறிப் போறேன்.”

வாலில் நின்ற ட்ரில் டீம் பையன் ஒருவன் இரண்டு கையையும் விரித்து மறித்தான். அவனுடைய முகமும் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பெயர் வந்தால் வரிசை போய்விடும். பெயர் வந்தவர்களால் அல்ல. வராதவர்களால்.

பெயர்களை நிறுத்த முடியாது. கேட்காமல் செய்யலாம். கேட்காமல் செய்தால் அவளுக்கும் கேட்காது. புகைக்குப் பக்கத்தில் இருந்து ஒருத்தி இனிமேல்தான் நடந்து வந்து கேட்டில் நின்று அனு என்று கூப்பிட வேண்டியிருக்கலாம்.

“ஸ்கூல்,” என்றாள். குரல் சரியாக வந்தது. “மார்க் டைம்.”

நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது. தவுபிக் அடித்தான். முதலில் டீம் மட்டும் மிதித்தது. பிறகு பத்தாம் வகுப்பு. பிறகு எல்லாம். அறுநூறு கால்கள். தரையிலிருந்து செம்மண் எழுந்தது. கேட்டில் வாய்கள் திறந்து மூடின. ஒரு பெயரும் வரவில்லை.

“லெஃப்ட். லெஃப்ட். முட்டிய மேல தூக்கு. லெஃப்ட்.”

டிரம் வேகமாகிக்கொண்டே போனது. அனுப்பிரியா தவுபிக்கைப் பார்த்தாள். கம்பெனியில் யாரும் இல்லாத பையனுக்கு உதடு வெளுத்திருந்தது. அவள் விரலைக் கீழே இறக்கிக் காட்டினாள். மெதுவாக. அவன் தலையை ஆட்டிக் குறைத்தான்.

அப்போது கேட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதிதாக ஒரு புகை கிளம்பியது. உள்ளங்காலில் ஒரு உதறல் வந்து போனது. பிள்ளைகள் தங்கள் கால்தான் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் நிறுத்தவில்லை.

“லெஃப்ட். லெஃப்ட்.”

கேட்டில் ஒரு பெண் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் யாருடையதையோ வாங்கி வைத்திருப்பதுபோல் முன்னால் நீட்டியிருந்தாள். கம்பியில் நெற்றியை வைத்து அனுப்பிரியாவை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்து எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். பாவம், யார் அம்மாவோ என்று அனுப்பிரியா நினைத்தாள். கையில் தோல் வழன்றிருக்கிறது என்றும் நினைத்தாள். பார்வையை வரிசைக்குத் திருப்பினாள். ஏழாம் வகுப்பில் சூர்யபிரகாஷ் சரியாக மிதித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கால் தப்பவில்லை.

மறுபடி கேட்டைப் பார்த்தபோது ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது. கையை நீட்டியிருந்த பெண்ணை இரண்டு பேர் பின்னால் ஏற்றினார்கள். ஆட்டோ சிவகாசிப் பக்கம் போனது.

ரத்தினசாமியின் நீண்ட விசில் வந்தபோது பதினாறு நிமிடம் மிதித்திருந்தார்கள்.

கேட் திறந்தது. வகுப்பு வகுப்பாக அனுப்புவது ட்ரில் டீமின் வேலை. ஆறு, ஏழு, எட்டு. பெண்கள் பிள்ளைகளைப் பிடித்தார்கள், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் சாம்பலாயின. மைதானத்தில் ஆளில்லாமல் நின்றவர்கள் ஒன்பது பேர். சூர்யபிரகாஷ் மேடை ஓரமாக உட்கார்ந்து செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பொன்னுத்தங்கம் டீச்சர் அனுப்பிரியாவிடம் வந்து தோளில் கைவைத்தார்.

“ஒங்கம்மைக்கு ரெண்டு கையிலயும் காயம். உசுருக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் லோடு ஆட்டோவ நிப்பாட்டி ஏத்திவிட்டேன். ஒன்னையப் பாக்காமப் போக மாட்டேன்னு நின்னாக. எம்புட்டோ கூப்பிட்டுப் பாத்தாக.”

அனுப்பிரியா கேட்டைப் பார்த்தாள். அங்கே இப்போது யாரும் இல்லை.

“சார் பைக்குல கூட்டிட்டுப் போவாரு. போயிட்டு வா.”

“ஏழாம் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான் டீச்சர்,” என்றாள்.

“அவன நான் பாத்துக்கிடுதேன். நீ போ.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளி நடந்தது. பாதிப்பேர் வரவில்லை. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரிகள் வந்து பள்ளிச் சுவரின் விரிசலை அளந்து எழுதிக்கொண்டார்கள். இறந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சூர்யபிரகாஷின் அம்மா. நான்கு மணிக்கு அடக்கம். ட்ரில் டீமில் பதினெட்டுப் பேர் போனார்கள். அனுப்பிரியா போகவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இருந்தாள். குருவம்மாளின் இரண்டு கைகளும் முழங்கைவரை கட்டப்பட்டிருந்தன. முகத்தைத் துடைத்திருந்தார்கள். காதோரம் பவுடர் இன்னும் இருந்தது. அனுப்பிரியா காலையில் இட்லி ஊட்டினாள். மத்தியானம் கஞ்சி ஊட்டினாள். மூன்றாவது கரண்டியில் குருவம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

“என்னையப் பாத்துக்கிட்டேதானே நின்னே.”

“ஆமாம்மா. நீதான்னு தெரியல.”

குருவம்மாள் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அனுப்பிரியா கஞ்சி தீரும்வரை ஊட்டினாள். ஐந்தரை மணிக்கு லாரி ஓட்டும் அப்பா சேலத்தில் லோடு இறக்கிவிட்டு வந்து சேர்ந்தார். அனுப்பிரியா பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவின் சேலையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஆறரை மணிக்கு டீமின் வாட்ஸப் குழுவில் ரத்தினசாமி சாரின் செய்தி வந்தது. திங்கள்கிழமை பயிற்சி காலை ஆறே முக்காலுக்கு. ஹர்ஷினி முதலில் சரி என்று போட்டாள். அப்புறம் தவுபிக். அப்புறம் ஒவ்வொருவராக. ஏழு மணிக்கு அனுப்பிரியா, தான் டீமில் தொடர்ந்து இருப்பதாகவும் லீடராக இனி நிற்கவில்லை என்றும் எழுதி அனுப்பினாள். ரத்தினசாமி சார் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. அவள் சேலையை அலசி மாடிக் கொடியில் போட்டுவிட்டு உலை வைத்தாள்.