எனக்குப் பதிலாக அப்பா

கடவுள் என்னை ஊழியத்துக்கு அழைத்தது ஒரு சிவப்பு எறும்பின் மூலமாக. இதைச் சொன்னால் எங்கள் சபையில் இப்போதும் சிலர் முகம் சுளிப்பார்கள். நடந்தது அதுதான், நான் என்ன செய்ய?

மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரில், மிளகு பறித்து முடிந்த கையோடு ஜெபக்கூட்டம் ஒன்று நடக்கும். பலாமரத்தடியில் பந்தல் போட்டு, மலைக்குக் கீழேயிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைப்பார்கள். அந்த வருடம் வந்தவர், கடல் கடந்து ஊழியத்துக்குப் போனவர்களின் கதைகளைச் சொன்னார். ஒருவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்றாம், இன்னொருவரைப் பாம்பு. கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "இப்ப இந்தப் பந்தல்ல ஆண்டவர் ஒருத்தரக் கூப்பிடறாரு. நான் போறேன் ஆண்டவரேன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் பலாமரத்து எறும்பு ஒன்று சட்டைக்குள் புகுந்து என் அக்குளைக் கடித்தது. கை தானாக மேலே போய்விட்டது.

"அந்தக் கையப் பாத்துட்டேன். ஆண்டவரும் பாத்துட்டாரு" என்றார் பிரசங்கியார்.

கையை இறக்கினேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கடலைவிட எனக்குப் பெரிய பயம் மலைப்பாதை. வெளிநாடு போவதென்றால் முதலில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து தொலைக்க வேண்டும். நானோ இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிறவன். ஆண்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று பிரசங்கியார் சொல்லியிருந்ததால், யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதை நிறுத்தினேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட மரவள்ளிக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். பசி தாங்காமல் நானே எழுந்து வந்தது வேறு விஷயம்.

யோசித்து யோசித்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு யோசனையை முன்வைத்தேன். "ஆண்டவரே, எனக்கு பஸ் ஒத்துக்காதுங்க. எங்கப்பா நல்லா நடப்பாரு, மூட்டை தூக்குவாரு, வேதமும் தெரியும். அவர வெச்சுக்குங்க." சந்தையில் காளையை விற்கிறவன் அதன் சுழியையும் பல்லையும் புகழ்வதைப் போல அப்பாவைப் புகழ்ந்துவிட்டு, லேசான மனதோடு விளையாடப் போனேன்.

மறுநாள் காலை கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா அம்மாவிடம், "நான் போலாம்னு இருக்கறேன்" என்றார்.

"போய்ட்டு வாங்க. அவங்க என்ன பேசுனாலும் வாயத் தொறக்காம வாங்கிக்கோணும், ஆமா" என்றாள் அம்மா.

ஆண்டவர் இவ்வளவு சுறுசுறுப்பானவர் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பாம்பு கடிக்கிற காட்சி கண்ணெதிரே வந்தது. அலறிய அலறலில் கோழிகள் கலைந்து ஓடின.

"ஏன் கண்ணு, பெரியப்பா ஊட்டுக்குப் போறதுக்கா இப்பிடி அழுவற? ஓடைக்கு அந்தாண்டதான?" என்றாள் அம்மா.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அது கடலைவிடத் தூரம். அப்பா ஞானஸ்நானம் எடுத்த அன்று, "இனி என் ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அன்று முதல் இந்தச் சரிவில் எங்கள் அடுப்புப் புகையும், அந்தச் சரிவில் அவர்கள் அடுப்புப் புகையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதோடு சரி. அந்த மிளகுப் பறிப்பில் பெரியப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் மகன், எனக்கு அண்ணன், போர்வெல் லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தான். பெரியம்மாவால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும். அந்த ஜெபக்கூட்டத்தில் அப்பாவும் கை தூக்கியிருந்தார் என்பதை மட்டும் அம்மா பல வருடங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

அங்கிருந்து அப்படியே கப்பலேறிவிடுவாரோ என்ற சந்தேகத்தில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். வெந்நீர் இருந்த போசிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தார்.

பெரியப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார். "எவன்டா உன்னைய வரச் சொன்னான்?"

எனக்கு உயிர் போயிற்று. சிபாரிசு செய்தவன் நான்தானே! பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஒருத்தர் சொன்னாருங்கண்ணா" என்றார் அப்பா.

"எனக்கு ஆளு வேண்டாம்னு அந்த ஒருத்தருகிட்டப் போய்ச் சொல்லு."

"நானும் முடியாதுன்னு சொல்லிப் பாத்தனுங்க. கேக்கமாட்டேங்கறாரு."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே பெரியப்பா, "தூக்கறதுன்னா பாத்துத் தூக்கு. இடுப்புல கை வெச்சுராத" என்றார். அப்பா குனிந்தார். பெரியப்பாவின் இரண்டு கைகளும் மெதுவாக வந்து அப்பாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன.

உட்கார்ந்ததும் அவர் கண்ணில் நான் பட்டேன். "யாரு, உம்பட பையனா? ஏன் சாமி, வேடிக்க பாக்கவா வந்த? எம்பட காலக் கொஞ்சம் புடி." பிடித்தேன்.

அதன்பிறகு தினமும் காலையில் போனோம். அப்பா சுமை தூக்கப் போகிற நாட்களில் நான் மட்டும் போய்க் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வருவேன். தேய்ப்பது சரியில்லை என்று பெரியப்பா திட்டுவார். திட்டி முடித்ததும் வாழைப்பழம் தருவார். ஆண்டவரிடமிருந்தோ ஒரு சத்தத்தையும் காணோம். அப்பாவின் மேல் அவருக்கு முழுத் திருப்தி, என்னை மறந்தேவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி.

"ஏஞ்சாமீ, வாரியா?" என்று எதிர்ச் சரிவிலிருந்து குரல் வரும். "வாரனுங்க!" என்று கத்திக்கொண்டு, வெந்நீர் சிந்தாமல் ஓடையில் இறங்குவேன். தப்பித்தோமடா சாமி என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே, கூப்பிடுவது பெரியப்பா மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு.