சலவைச் சட்டையில் ஒரு நோயாளி

மார்கழி பாதியில் என் கணவர் கரும்புக் கொல்லையிலிருந்து சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார். தை பிறந்ததும் தூக்கம் போனது. மாசியில் ஒரு நாள், மாட்டுக்குத் தீனி வைத்தபடியே, "செத்துட்டா தேவல" என்றார். மறுநாளே மனநல மருத்துவரிடம் கிளம்பினோம்.

எங்கள் ஊர் குருவிநத்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆண், முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார். நானும் அப்படியே அவரைக் கிளப்பினேன்.

"இன்னாண்ணா, பொண்ணு பாக்கவா போற? அண்ணி வுடுமா?" என்று கொழுந்தன் ரவி கேலி செய்தான். அவர் சிரிக்கவில்லை.

மருத்துவர் அவரைப் பார்த்தார். பேச முடியாமல் அழுத என்னைப் பார்த்தார்.

"சார் தெளிவா இருக்காரு. உங்களுக்குத்தாம்மா பதற்றம். இந்த வயசுல லேடீஸுக்கு வரும்."

எனக்கு மாத்திரை எழுதினார். அவரிடம், "நீங்கதான் இவங்கள நல்லா பாத்துக்கணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என் பெயர் எழுதிய மருந்துச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். யாரை நான் காப்பாற்ற வேண்டுமோ, அவரிடம் என்னை ஒப்படைத்து அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த வாரம் வரை அவரைத் தனியே விடவில்லை. இம்முறை தாடியும் கைலியுமாக, இருந்தபடியே அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

"எவ்வளவு குடிப்பாரு?"

"குடியே கெடையாதுங்க."

"மறைக்காதீங்கம்மா. ஆம்பள இப்படி ஆகறதுக்கு வேற என்ன காரணம்?"

அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார். "கொல்லைக்குத் தனியா போவ பயமா இருக்குது டாக்டர். வூட்டுக்குத் திரும்பி வர மாட்டனோன்னு தோணுது."

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அவரிடமே கேள்விகள் கேட்டார். மனச்சோர்வு நோய் (வெறும் துக்கமல்ல, தூக்கம், பசி, உயிர்மேல் உள்ள பிடிப்பு எல்லாவற்றையும் கரைப்பது) என்றார். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை கூடவே இருங்கள் என்றார். எனக்கு எழுதிய மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பூச்சிமருந்து முழுவதையும் ரவி அப்புறப்படுத்தினான். கேலியையும் நிறுத்திவிட்டான்.

உங்கள் வீட்டு ஆணைக் கூட்டிப்போகும்போது, அவர் வீட்டில் சொன்ன வார்த்தையை அப்படியே முதலில் சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், பேச்சை நிறுத்தாதீர்கள்.

அவருக்கு மாத்திரை தொடர்கிறது. அவர் வர நேரமானால் என் கால்கள் தாமாகவே தெருவுக்குப் போய்விடுகின்றன.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, "இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டார். எத்தனையோ நாளாக அவருக்குக் கிழமை தேவைப்படவில்லை. எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. காலண்டரில் கிழிக்காத தாள்கள் கத்தையாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கிழித்து அன்றைய தாளுக்கு வந்தேன்.

"வியாழன்" என்று நான் சொல்வதற்குள் அவர் குளிக்கப் போயிருந்தார்.