நிறுத்தி வைத்த படம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய டிவி கிடக்கிறது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த, பின்பக்கம் புடைத்த பெட்டி. தூசியைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், திரையின் மேல் மூலையில் ஐந்து ஆங்கில எழுத்துகள் பழுப்பாகத் தெரியும். கரண்ட் இல்லாமலேயே தெரியும். இதைப் பழைய இரும்புக்குப் போட்டால்தான் என்ன என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மனைவி கேட்கிறாள். போடலாம்தான்.

அது என் பெரியம்மாவுடையது. திருமுக்கூடலில் ஊரார் வயல்களில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள். ஒரே மகள், எனக்கு அக்கா. அக்கா ஒரு கம்பெனிக்கு வேனில் போய்வந்தாள். ஒருநாள் காலை அவளுக்கு லேசான காய்ச்சல். "இன்னிக்கி ஒரு நாள் நின்னுடுடி" என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அக்கா நிற்கவில்லை. அன்று வேன் வழியில் கவிழ்ந்தது.

கம்பெனி அட்டைக்கு எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதில் யாரோ திட்டிவிட்ட மாதிரி இருப்பாள். அவள் சிரித்த முகம் இருந்தது ஒரே இடத்தில்தான், பக்கத்து வீட்டுக் கல்யாண சிடியில். சீர்த்தட்டு ஏந்தி வருகிறவள் கேமராவைப் பார்த்ததும் தலையைத் திருப்பிச் சிரிப்பாள். மூன்று நொடி இருந்தால் அதிகம். அந்தச் சிடியைக் கேட்டு வாங்கிவந்து, சிரிக்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள் பெரியம்மா.

நான் அப்போது உத்திரமேரூரில் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். தெரிந்த நாலு விஷயத்தைப் போகிற இடமெல்லாம் கொட்டுகிற வயது.

"பெரிம்மா, இப்பிடி ஒரே படத்த நிறுத்தி வெச்சிக்கினே இருந்தா அது கண்ணாடிலயே படிஞ்சிடும். அப்பறம் இன்னா பண்ணாலும் போவாது. டிவி வீணாப்பூடும்."

"போவவே போவாதா?"

"போவாது."

வெளிச்சத்தைக் குறைத்து வை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்தாதே, நடுவில் ஓடுகிற படமாகப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தப் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் ஏறும், எதை அழுத்தினால் இறங்கும் என்றுகூடக் காட்டிக்கொடுத்தேன். இவ்வளவு கவனமாகக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை வேறு. மடையன் நான்.

சொன்ன அத்தனையையும் அவள் தலைகீழாகச் செய்தாள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். களையெடுக்கப் போகும்போதுகூட நிறுத்திய படத்தை அணைக்காமல் போனாள். போகவே போகாது என்று சொன்னவன் நான்தானே.

ஆறேழு மாதம் கழித்து ஆள் அனுப்பினாள். ஓட்டி ஓட்டிச் சிடி கீறிப்போய்விட்டது, படமே வரவில்லை. வீடியோ எடுத்தவனும் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டான். பெரியம்மா கலங்கவில்லை. "அதான் கண்ணாடில படிஞ்சி கீதே. எந்தப் பக்கம் அவ கீறான்னு காட்டுடா, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

பார்த்தேன். முகம் இல்லை. பெரியம்மாவின் விரல் ஒருநாளும் படத்தை ஒரே இடத்தில் நிறுத்தியதில்லை. இன்று கண் விழுந்த இடத்தில் நாளை கன்னம், மறுநாள் தட்டு. எதுவும் படியவில்லை. படத்தை நிறுத்தும்போதெல்லாம் மூலையில் வெள்ளையாக வரும் அந்த எழுத்துகள் மட்டும்தான் இடம் மாறாமல் விழுந்து படிந்திருந்தன.

நான் அந்த மூலையையே பார்ப்பதைக் கண்டு அவளும் கிட்டே வந்து பார்த்தாள்.

"இன்னா எழுத்துடா அது? அவ பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்ல பெரிம்மா. நில்லுன்னு அர்த்தம்."

முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். "நானுந்தான் சொன்னேன். நின்னாளா?"

பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நேற்று பரணை ஒழித்தபோது டிவியை இறக்கித் துடைத்தேன். எழுத்து அப்படியே இருந்தது. அக்கா எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தத் தட்டு ஞாபகம் வருகிறது. தட்டில் இருந்த ஆப்பிள்கூட ஞாபகம் வருகிறது. முகம்தான் வரவில்லை.