கூடு இருக்கும் இடம்

தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் மாங் ஓயோன். மாங் என்றால் சித்தப்பா. பத்தொன்பது வருடம் தேயிலைக்கு மருந்து தெளித்தவர். முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டே அண்ணாந்து பார்த்து நடப்பார். அப்படியே தடுமாறிச் செடிமேல் விழுந்தும் இருக்கிறார். மேலே காட்டில் குடுமிக்கழுகு எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்பது எங்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை, ஒரு குஞ்சு. அந்தப் பறவைக்கு அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஹெந்தார்த்தோ என்ற புகைப்படக்காரர் நகரத்திலிருந்து வந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தவன் நான்தான். நல்ல மனிதர். தொலைவில் நின்றே படம் எடுத்தார். இடத்தின் பெயரை எங்கும் எழுதமாட்டேன் என்று ஓயோனின் கையைப் பிடித்துச் சொன்னார். சொன்னபடி எழுதவும் இல்லை. ஆனால் இணையத்தில் போட்ட படத்தின் ஓரத்தில், இலைகளுக்கு நடுவே, எங்கள் தேயிலை ஆலையின் சிவப்புக் கூரையும் ஆறு வளையும் இடமும் தெரிந்தன. பதினோராம் நாள் யாரோ கயிறு போட்டு மரமேறிக் குஞ்சை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஊர் ஓயோனைத்தான் சொன்னது. அவர் மனைவி எந்தின் கொழுந்து பறிக்கும்போது பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

"என்ன எந்தின், கழுகு வித்த வீட்டுல இன்னிக்கும் கருவாடுதானா?"

எந்தின் திரும்பாமல் பறிப்பாள். ஓயோன் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. "எடம் எனக்கு மட்டும்தான்டா தெரியும். வேற யாரைச் சொல்லுவாங்க?" என்றார் என்னிடம்.

அதோடு மேலே பார்ப்பதை நிறுத்தினார். கழுகு கத்தினால் செருப்பைப் பார்ப்பார். தன் கண் போகும் இடத்துக்கு நாலு பேர் கண்ணும் போகும் என்ற பயம்.

இப்படி நான்கு வருடம் போனது. அப்புறம் வெந்நீர் ஊற்றுப் பக்கம் விடுதி வரப்போகிறது என்றார்கள். அதற்குப் பாதை அளக்க வந்தவர்கள், வெட்ட வேண்டிய மரங்களில் சிவப்புச் சாயத்தால் வளையம் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று ஓயோன் சாப்பிடவில்லை.

மறுவாரம் வனத்துறை அலுவலர் ரெத்னா வந்தாள். சின்னப் பெண். ஓயோன் அவளை நெங் என்பார், பாப்பா என்கிற மாதிரி. ஓயோன் வீட்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

"மாங், அந்தப் பள்ளத்துல கூடு இருக்குன்னா பாதையைத் திருப்பிடலாம். குஞ்சு இருக்குற மரத்தை யாரும் தொட முடியாது."

"இருக்குன்னு எழுதிக்கோ, நெங்."

"எங்கேன்னு கேப்பாங்களே. எடமும் படமும் இல்லாம என் பேச்சை யாரு நம்புவா?"

"எத்தனை பேர் படிப்பாங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. "ஏழு ஆபீசுக்குப் போகும். கிராம ஆபீஸ் பலகையில ஒண்ணு ஒட்டுவாங்க. விதி அப்படி."

"அப்ப கூடு இல்ல."

மரம் வெட்ட இன்னும் ஒன்பது நாள்தான் என்று சொல்லிவிட்டு ரெத்னா கிளம்பினாள். அவள் போனதும் எந்தின் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எந்த மரம்?"

ஓயோன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்கிட்டயும் சொல்லமாட்டீங்களா?"

"உனக்குத் தெரிஞ்சா உன்னையும் கேப்பாங்க."

"இப்ப மட்டும் கேக்காமலா இருக்காங்க? நாலு வருஷமா திருடன் பொண்டாட்டின்னு பேர் வாங்கிட்டு நிக்கிறேன். ஒண்ணும் தெரியாம நிக்கிறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டாவது நிக்கிறேன்."

அப்போதுதான் சொன்னார். பழைய மரத்தை விட்டுவிட்டுக் கழுகு இப்போது கட்டியிருப்பது ஓடைக்கு மேலே நிற்கும் பெரிய ரசமாலா மரத்தில். முதல் சிவப்பு வளையமே அதில்தான். மேலே இரண்டு வாரக் குஞ்சு; அண்ணாந்து பார்க்காமல், கத்தும் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டிருந்தார்.

"சொல்லலேன்னா மரத்தோட சாகும். சொன்னா மரம் நிக்கும், குஞ்சைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எப்படிப் பாத்தாலும் கொன்னவன் நான்தான்" என்றார்.

எட்டாம் நாள் காலையில் ரெத்னாவுக்குப் போன் செய்தார். சொல்லி முடித்ததும் பாயும் தார்ப்பாயும் ஒரு விசிலும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். மரத்தடியில் ஆள் இருந்தால் தாய்க்கழுகு இரை கொண்டுவரத் தயங்கும். அதனால் ஓடையோரமாக மேலே போகும் ஒற்றையடிப் பாதையின் வாயில் உட்கார்ந்தார். மரத்துக்குப் போக அது ஒன்றுதான் வழி. தோட்டத்து மேற்பார்வையாளர் விடுப்புத் தரவில்லை. மருந்துத் தொட்டி வேறொருவர் முதுகுக்குப் போயிற்று.

மரம் வெட்டுவது நின்றது. ஆனால் பலகையில் தாள் ஒட்டிய வாரமே கேமராக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண் கெஞ்சினாள். "ஒன்பது மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன், மாங். அஞ்சே நிமிஷம்."

"நீ நல்லவதாம்மா. முதல்ல வந்தவரும் நல்லவர்தான்."

அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

மூன்றாம் வாரம், மழை நேரத்தில், இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அரிசிச் சாக்கில் கயிறு வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் நீட்டினான்.

"போன தடவை தனியாவே அமுக்கிட்டீங்களாமே, மாங். இந்தத் தடவை பங்கு போட்டுக்கலாம்."

ஓயோன் விசிலை எடுத்து ஊதினார். எதிர்ச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"ஊதுங்க, ஊதுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க என்னிக்காவது வீட்டுக்குப் போவீங்கல்ல?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஓயோன் வீட்டுக்கே வரவில்லை. எந்தினும் அங்கே போய், அவர் தூங்கும்போது விழித்திருந்தாள். நான் சோறு கொண்டுபோவேன். அட்டை கடித்து அவர் கால் புண்ணாகிவிட்டது, காய்ச்சலும் வந்தது. கீழே வாங்க என்றேன்.

"என்னை இங்கேயே கட்டிப் போட்டுட்டுப் போயிட்டானுங்கடா" என்றார். "கயிறுகூடத் தேவைப்படல."

அந்த இருவரும் இன்னும் இரண்டு முறை வந்து, அக்கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அறுபத்து மூன்றாம் நாள் காலை குஞ்சு கிளைக்கு வந்து, சிறகை அடித்து, பாதி விழுந்து, பிறகு பள்ளத்தைத் தாண்டிப் பறந்தது. ஓயோன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அழுறீங்களா?" என்றாள் எந்தின்.

"கழுத்து வலிக்குதுடி."

விடுதிப் பாதை மலைமுகட்டுப் பக்கமாகத் திரும்பிற்று. கேலி பேசிய பெண்களே எந்தினுக்கு வாழைக்காய் வறுவல் கொடுத்தனுப்பினார்கள். ஓயோன் நேரே ரெத்னாவிடம் போனார்.

"அந்தத் தாளை அழிச்சுடு, நெங்."

பலகையில் இருந்ததை அவளே கிழித்துக் கையில் கொடுத்தாள். "அந்த ஏழு ஆபீஸ்ல இருக்கறதை என்ன பண்றது, மாங்? போட்டோ எடுத்துட்டுப் போனவங்க எத்தனை பேரோ" என்றாள். காவலர் வேலைக்கு அவர் பெயரை எழுதி அனுப்பினாள். இதுவரை பதில் வரவில்லை. கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார்.

போன மாதம் ஒரு கழுகு கூட்டில் விரிக்கப் பச்சை இலைக்கொத்தைக் காலில் பிடித்துக்கொண்டு அதே ரசமாலாவுக்குப் போவதைப் பார்த்தேன். ஓயோனிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லப் போனபோது அவர் வாசலில் பழைய தார்ப்பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே எந்தின் இருவருக்குமாக அரிசியை அளந்து பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.