டிரம்மர் ஏன் எட்டி எட்டிப் பார்த்தார்?

போன மாதம் இங்கிலாந்துக்காரர் ஒருவர் என்னை மதிக்கவில்லை. அதாவது, மதிக்கவில்லை என்று இருபது நிமிடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் இன்னொரு பிழைப்பு தெரியும். தெரியாதவர்களுக்கு... ஓர் இணைய இதழுக்காக இங்கிலாந்தின் பழைய ராக், இண்டி இசைக்காரர்களை வீடியோ காலில் பேட்டி எடுக்கிறேன். இண்டி என்றால் பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் சொந்தமாக ரெக்கார்டு போட்டவர்கள். பெரும்பாலும் அறுபது எழுபது வயதுக்காரர்கள். உள்ளூரில் யாரும் இப்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவன் கூப்பிட்டால் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். சென்னைக்கு வடக்கே, ஆந்திரா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், இரும்புக் கம்பெனிகள் நிறைய என்பேன். எங்கள் ஊர் மாதிரிதான் என்பார்கள். பேட்டி தொடங்கிவிடும்.

அன்றைக்குக் கிடைத்தவர் ஒரு டிரம்மர். டெரிக் என்று வைத்துக்கொள்வோம். பேண்டின் பெயர் வேண்டாம். சொன்னாலும் உங்களில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அந்த நான்கு பேரும் எனக்கு நீளமாக மெயில் எழுதுவார்கள்.

மதியம் மூன்று மணிக்குப் பேட்டி. அங்கே காலை. இரண்டே முக்காலுக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. கீழ் வீட்டு சாமுவேலிடம் இன்வெர்ட்டர் உண்டு. லேப்டாப்பையும் புதிதாக வாங்கியிருந்த மைக்கையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

சாமுவேல் சிப்காட்டுக்குள் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை மெஷினில் அடித்து வண்டி பாகங்கள் செய்கிற இடம். பதினான்கு வருட சர்வீஸ். முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, ஹாலில் தரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எஸ்தர் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. சாயங்காலம்தான் வருவார்.

“நீங்க பாட்டுக்கு பேசிக்கினு இருங்க சார். நான் ஓரமா துன்னுக்கினு இருக்கேன்” என்றார்.

அன்றைக்கு நான் இரண்டு புதுமைகள் செய்திருந்தேன். ஒன்று, மைக். கருப்பு ஸ்பாஞ்ச் போர்த்திய பெரிய மைக். பிரபலங்கள் எல்லாம் வைத்துக்கொள்கிறார்களே, அது. வாய்க்கு நேராக வைத்தால் குரல் கம்பீரமாக வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்னொன்று, கேள்விகளின் வரிசை. பழைய இசைக்காரர்களை எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறோம். சின்ன வயது, முதல் ரெக்கார்டு, பாடகரோடு சண்டை, பேண்ட் உடைந்தது, மறுபடி சேர்வீர்களா? எனக்கே அலுத்துவிட்டது. இந்தத் தடவை தலைகீழாகப் போவோமே என்று கடைசிக் கேள்வியை முதலில் கேட்டேன். மறுபடியும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து வாசிப்பீர்களா?

“என் அப்பா கறிக்கடை வைத்திருந்தார்” என்றார் டெரிக்.

சரி, கவித்துவமாக ஏதோ சொல்ல வருகிறார் என்று காத்திருந்தேன். கறிக்கடையோடு முடித்துக்கொண்டார். அடுத்து, பேண்ட் ஏன் உடைந்தது என்று கேட்டேன். ஒரு சர்ச் ஹாலில் நான்கே நாளில் ரெக்கார்டு செய்ததாகவும், குளிர் தாங்கவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போதே தலையை இடது பக்கம் சாய்த்தார். பிறகு வலது பக்கம். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தலை மறைக்கும்போது டிவியில் படம் பார்ப்பவர் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டாரோ? ராக் இசைக்காரர்தானே... எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைக் காட்டினால் பேட்டி போய்விடும்.

கடைசியாக என் ஆசைக் கேள்வியைக் கேட்டேன். அந்த பேண்டின் பேஸ் கிட்டார்காரர் மேடையில் எப்போதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிப்பார். ஒன்பது வருடம், ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. அதைப் பற்றி நான் ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறேன். நட்சத்திர மோகத்துக்கு எதிரான கலகம் என்று. அந்தக் கலகம் யாருடைய யோசனை?

“பெரிய சண்டையெல்லாம் இல்லை. வேன்தான் சின்னது” என்றார் டெரிக்.

அப்போது பின்னாலிருந்து சாமுவேல் குரல் கொடுத்தார்.

“சார்... அவருக்குக் காது கேக்கல.”

திரும்பிப் பார்த்தேன். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றிருந்தார். “அவரு உங்க வாயைத் தேடறாரு. மைக்கு மறைக்குது. அத எறக்குங்க” என்றார்.

மைக்கைக் கீழே இறக்கினேன். அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டேன். திரையில் டெரிக்கின் தோள்கள் தளர்ந்து இறங்கின. சாய்வது நின்றுவிட்டது. நேராக என் உதடுகளைப் பார்த்தார்.  பிறகு, யார் கண்டுபிடித்தது என்று மட்டும் கேட்டார். லேப்டாப்பை சாமுவேல் பக்கம் திருப்பினேன்.

அதற்கப்புறம் நடந்தது என் பேட்டி இல்லை. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது ரெக்கார்டு வந்த காலத்திலேயே டெரிக்குக்கு வலது காது போய்விட்டதாம். அப்புறம் இடது. டிரம்மருக்குக் காது போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பேட்டிகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே வரிசையில்தானே கேட்கிறீர்கள், அதற்குக் காது எதற்கு என்றார். வரிசையை மாற்றிய முதல் ஆள் நான்தானாம். அதைக் கொஞ்சம் குறையாகத்தான் சொன்னார்.

“வாசிக்கும்போது இன்னா பண்ணாராம்? கேளுங்க சார்” என்றார் சாமுவேல்.

ஒரு கச்சேரியில் மற்ற மூன்று பேரும் ஒரு பாட்டைத் தொடங்க, டெரிக் வேறொரு பாட்டைத் தொடங்கியிருக்கிறார். கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்து இறங்கியதும் பேஸ் கிட்டார்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கச்சேரியில் அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸைப் பார்த்து நின்றார். பாட்டின் பெயரையும் தாளத்தையும் வாயசைத்துக் காட்டினார். ஒன்பது வருடமும் அப்படியே நின்றார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கலகம்!

அந்தக் கட்டுரையை இணையத்திலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். தூக்கவில்லை. நன்றாகவே எழுதியிருந்தேன்.

சாமுவேல் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டார். தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் தருகிறார்கள். வெயில் காலத்தில் அது பாதி நாள் பாக்கெட்டில்தான் இருக்கும். ஐந்தாறு வருடமாகவே காதில் கொய்ங் என்று ஒரு சத்தம், அதற்கு மேல் எதுவும் ஏறுவதில்லை. ஷாப்பில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே காது நன்றாக இருப்பவர்களே கையாலும் வாயசைப்பாலும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வருடா வருடம் கம்பெனிக்குள் ஒரு மெடிக்கல் வேன் வருமாம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் தருவார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்து சத்தம் கொடுப்பார்.

“அவங்க முழங்கை லைட்டா அசையும் சார். அசைஞ்சா அமுக்குவேன். வருஷா வருஷம் பாஸு.”

ஃபெயிலானால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். கூட வேலை செய்த ஒருவரை அப்படி எடுத்து கேட்டில் உட்கார வைத்தார்களாம். அவரைப் பார்த்தாலே எல்லோரும் இரண்டு தடவை குட்மார்னிங் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். சாமுவேலும் சொல்லியிருக்கிறார். இந்த வருட வேன் வியாழக்கிழமை வருகிறது என்றார்.

“ஊட்ல எஸ்தருக்கும் தெரியாது. நான் வேணும்னே பேசறதில்லன்னு நெனச்சிக்கினு இருக்கா.”

ஆறு வருடமாக நான் அவர் தலைக்கு மேலே குடியிருக்கிறேன். படியில் கூப்பிட்டால் திரும்பாமல் போவார். திமிர் என்று நினைத்து நானும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். கடல் தாண்டி இருப்பவர்களிடம் உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் என் தொழில். வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். டெரிக் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. முழங்கை விஷயத்துக்கு மட்டும் ரசித்துச் சிரித்தார். பிறகு சாமுவேலைப் பார்த்து, “எனக்கு முன்னால் அவன் நின்றான். உங்களுக்குப் பின்னால் என்ன வரும்?” என்று கேட்டார்.

மொழிபெயர்த்தேன். சாமுவேல் தரையைப் பார்த்தார்.

“ஃபோர்க்லிஃப்ட்” என்றார். “போன மாசம் ரிவர்ஸ்ல வந்துச்சு. ஆரன் அடிச்சானாம். ஒருத்தன் சட்டையப் புட்சி இஸ்தான், பொழச்சேன்.”

டெரிக் தலையாட்டினார். தன் விஷயத்தில் காது தவறினால் ஒரு தப்பான பாட்டு, அவ்வளவுதான் என்றார்.  நன்றி சொல்லி அழைப்பை முடித்தேன். சாமுவேல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழன் வருவதற்குள் டெரிக்கிடமிருந்து மூன்று மெயில். என் கேள்விகளுக்குப் பதிலாக இருக்கும் என்று திறந்தால், மூன்றிலும் சாமுவேலைப் பற்றித்தான் விசாரித்திருந்தார்.

அதற்கடுத்த வாரம் படியில் சாமுவேலைப் பார்த்தேன். இந்தத் தடவை அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, டெஸ்ட் என்னாயிற்று என்று கேட்டேன்.

கூண்டுக்குள் உட்கார்ந்ததும் அந்த அம்மாவின் முழங்கை கண்ணில் பட்டதாம். நன்றாகவே தெரிந்ததாம்.

“கண்ண மூடிக்கினேன் சார்” என்றார். “ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அப்பால அந்தம்மா வந்து தோளத் தட்டுச்சு. இன்னாப்பா, ஒருவாட்டி கூட அமுக்கலன்னுச்சு. கேக்கல மேடம்னேன்.”

சொல்லிவிட்டு நீண்ட நேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.  

மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டில் இல்லை, சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச்சில் போட்டிருக்கிறார்கள். காதுக்கு மெஷின் வைக்க அளவெடுத்தாயிற்று. கை சும்மா இருப்பது பேஜாராக இருக்கிறது என்றார். சக ஆட்கள் இரண்டு தடவை குட்மார்னிங் சொல்கிறார்களாம். இவர் இரண்டு தடவையும் திருப்பிச் சொல்லிவிடுகிறாராம்.

எஸ்தரிடம் சொன்னீர்களா என்றேன். சொன்னாராம். முதலில் எஸ்தர் அழுதாராம். ஒருநாள் முழுக்கப் பேசவே இல்லையாம். இப்போது?

“இத்தினி வருஷமா சொன்னதெல்லாம் எதிர்ல நின்னுக்கினு மொதல்லருந்து சொல்றா சார்.”