சத்தியமங்கலத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடும் வீடு

இந்த ஐப்பசி லீவுக்கு நாங்கள் போகவேண்டியது ராமேஸ்வரம். டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, வங்கக்கடலில் புயல் என்று டிவியில் வட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, பீளமேட்டில் பம்பு வார்ப்பு பவுண்டரி வைத்திருப்பவர், ரிமோட்டைக் கீழே வைத்தார். "கடலும் வேண்டாம் கிடலும் வேண்டாம். பக்கத்துலயே ஒரு ஆத்தங்கரைக்குப் போலாம். ஆத்துல என்ன புயலா அடிக்கப் போகுது?" என்றார். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடியதில் சத்தி தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு கிடைத்தது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள், ஒருத்தரைத் தவிர. அவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, "பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. கல்யாணத்தில் தாலி வர லேட்டானால்கூட மறந்துவிடுவோம். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பினால் பேரன் பேத்தி காலம்வரை பேசுவோம். அப்படி எழுப்பிவிடும் மகராசி யாரென்று பார்த்துவிடலாம் என்றே பதிவு செய்துபோட்டேன். மாமாவுக்கு அந்த விமர்சனத்தைக் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், மாமா, அத்தை, எங்கள் மகள் யாழினி. கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தி எழுபது கிலோமீட்டர். சரவணம்பட்டியைத் தாண்டுவதற்குள் ஒரு பிறவி எடுத்த மாதிரி இருக்கும், அதற்கப்புறம் ரோடு வெண்ணெய். புளியம்பட்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சத்தி பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வாழைத்தோப்புக்கு நடுவே வீடு. காந்திபுரத்திலிருந்து பஸ்ஸிலும் வரலாம், முன்கூட்டிச் சொன்னால் சத்திக்கு வண்டி அனுப்புகிறார்கள்.

வாசலில் பழனிச்சாமியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் நின்றிருந்தார்கள். பழனிச்சாமி உள்ளூர் விவசாயி. அவர் பேசினால் ஒரு வாக்கியத்துக்கு நாலு 'ங்க' வரும். ஸ்டெல்லா நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துப் பெண். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த இடத்தில் ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய்க் கல்யாணம். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு ஒரு விசிலும் தொங்கியது. பி.டி. வாத்தியார் மாதிரி இருந்தது.

அறைகள் ஓட்டுக் கூரை, நல்ல சுத்தம். பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே வரக்கூடாது, பானைத் தண்ணீர்தான். அதெல்லாம் மாமாவுக்குப் பிடித்தது. ஆனால் அறைகள் மேட்டில் இருந்தன. கீழே பள்ளம் ஓடுகிறது. (மலையிலிருந்து இறங்கும் ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். இது போய்ப் பவானியில் விழுகிறது.)

"ஏம்மணி, ஆத்தங்கரைன்னு போட்டுட்டு ரூமை இத்தனை தள்ளிக் கட்டிப்போட்டீங்களே?" என்றார் மாமா.

"கரையில சாப்பிடலாங்கய்யா, தூங்க வேண்டாம்" என்றாள் ஸ்டெல்லா.

பை வைத்த கையோடு ஒரு ஒத்திகை வேறு. கீழே மணல் திட்டில் பாய் விரித்திருக்கும். மலையில் மழை என்று தகவல் வந்தால் விசில் அடிப்பாள். அடித்தால் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஏறவேண்டும். யாழினி மூன்று தடவை ஓடிப் பழகினாள். அத்தைகூட முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். மாமா மட்டும் முட்டிவலி என்று நாற்காலியைவிட்டு அசையவில்லை. அவரை வற்புறுத்த பழனிச்சாமிக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பொங்கலுக்குப் பவுண்டரி ஆட்கள் எல்லாரையும் குடும்பத்தோடு இங்கே கூட்டிவரலாமா என்று பார்க்கத்தான் மாமா வந்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் போனிலேயே உளறிவிட்டிருந்தார். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மதியம் மணலில் வாழை இலை போட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் சலசலவென்று ஓடியது. நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு ரசம், நாட்டுக்கோழி வறுவல். கடைசியில் ஒப்புட்டு (மற்ற ஊர்க்காரர்களுக்குப் போளி) வருமென்று பழனிச்சாமி சொன்னதும் மாமா சப்பணத்தை இன்னும் நன்றாகப் போட்டுக்கொண்டார். ஒப்புட்டு என்றால் அவருக்கு உசிரு.

அப்போதுதான் ஸ்டெல்லாவுக்குப் போன் வந்தது. மலைமேல் ஊரில் வாழ்க்கைப்பட்ட பழனிச்சாமியின் அக்கா. ஸ்டெல்லா ஒரு வார்த்தை கேட்டாள், அவ்வளவுதான். விசில் காதைக் கிழித்தது.

நாங்கள் எழுந்துவிட்டோம். யாழினி அதற்குள் பாதி மேடு ஏறியிருந்தாள். மாமா அசையவில்லை. "வெயிலு மண்டையப் பொளக்குது, மழையாமா! ஒப்புட்டைத் தின்னுட்டு வாரேன், நீங்க போங்க."

பழனிச்சாமி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "ஏனுங்கய்யா, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா நல்லா இருக்குமுங்க, சாப்பாட்டை மேல கொண்டாந்து தாரமுங்க..." அந்த மரியாதையைக் கேட்டு யாருக்காவது ஆபத்து என்று தோன்றுமா? மாமா ரசத்தை இன்னொரு கை ஊற்றச் சொன்னார்.

ஸ்டெல்லா வந்தாள். குனிந்தாள். மாமாவின் இலையை, சோறு இருக்க, ரசம் இருக்க, மேல்பாதியை எடுத்துக் கீழே மடித்துவிட்டாள்.

அத்தை "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பழனிச்சாமி கண்ணையே மூடிக்கொண்டார். மாமாவுக்கு முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. "எம்பட எலையை இதுவரைக்கும் ஒருத்தன் தொட்டதில்லை!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். கோபத்தில்தான் எழுந்தார். எழுந்ததே போதும் என்று ஸ்டெல்லா ஒரு கையையும் என் வீட்டுக்காரர் மறு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினார்கள். வழியெல்லாம் திட்டு. இப்பவே வண்டியை எடு, பொங்கலும் கிடையாது புண்ணாக்கும் கிடையாது என்று.

மேட்டில் ஏறி அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சத்தம் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. வளைவில் செம்மண் நிறத்தில் தண்ணீர், ஆள் உயரத்துக்கு, மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தது. கண்ணெதிரிலேயே மணல் திட்டு காணாமல் போனது. பாயும் குண்டாவும் போயின. மாமாவின் புதுச் செருப்பும் போனது, இந்நேரம் பவானியில் நீந்திக்கொண்டிருக்கும். வானத்தில் அப்போதும் வெயில்தான். மாமா சோற்றுக்கையோடு பார்த்துக்கொண்டே நின்றார். கை காய்ந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேல் வராந்தாவில் புது இலை போட்டு, முதலில் ஒப்புட்டை வைத்தாள் ஸ்டெல்லா. "மன்னிச்சுக்குங்கய்யா. இதுக்கு முன்ன ரெண்டு தடவை விசில் அடிச்சும் தண்ணி வரல. ஒருத்தர் கோவிச்சுட்டு எழுதியே போட்டாரு. வந்தவங்களை எழுப்பினா பொழப்பு போயிரும்னு இவரும் பயந்தாரு. ஆனா எங்க ஊருல சுனாமி வந்தப்ப, ஒலையை எறக்கி வெச்சுட்டு வாரேன்னு எங்க சின்னம்மா நின்னுட்டாங்க. எங்களுக்குக் கடல் சொல்லிட்டு வரலீங்க. இங்க போன் பண்ணிச் சொல்லிட்டு வருது. அதையும் கேக்கலன்னா எப்படிங்க?"

மாமா ஒப்புட்டைத் தின்றார். பொங்கலைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. மழைக்காலத்தில் இனிப் பந்தி மேட்டில்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் அன்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு. தை முதல் பங்குனி வரை நல்ல காலம், பள்ளத்தில் குளிக்கவும் விடுவார்கள். கடலோ ஆறோ எங்கே அறை போட்டாலும், படத்தில் தண்ணீர் எத்தனை பக்கம் என்று பார்க்காதீர்கள், மேடு எத்தனை பக்கம் என்று கேளுங்கள். தண்ணீர் வந்தால் யார் சொல்வார்கள், எந்த வழியாக ஏறவேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் தைரியமாகப் பணத்தைக் கட்டுங்கள். ஒத்திகை வைத்தால் முட்டிவலி என்று உட்காராதீர்கள். அந்த ஒற்றை நட்சத்திரக்காரருக்கு நானே ஒரு பெரிய பதில் எழுதிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற அன்று காலையில் சந்தகையும் (எங்கள் பக்கத்து இடியாப்பம்) தேங்காய்ப்பாலும். எல்லாரும் எழுந்து கை கழுவிவிட்டோம். மாமா மட்டும் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களாய்யா?" என்று ஸ்டெல்லா கேட்டாள், குரலில் கொஞ்சம் பயம்.

"வயிறு ரொம்பிப்போச்சு அம்மணி. நீயே மடிச்சுப்போடு, எந்திரிக்கிறேன்."

அவள் குனிந்து, ரெண்டு கையாலும், மெதுவாக மடித்தாள். கண் கலங்கியிருந்தது. மாமா எழுந்து, இல்லாத செருப்பைக் காலால் துழாவிவிட்டுச் சொன்னார்: "பொங்கலுக்கு எங்க ஆளுங்க அத்தனை பேரும் வாராங்க. எவன் முரண்டு புடிச்சாலும் எலையை மடிச்சுப்போடு கண்ணு. முதலாளி எலையையே மடிச்சவ நானுன்னு சொல்லு."