ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வடிவு ரத்த அழுத்த மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொள்வாள். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக அன்று இரண்டு. தினமும் காலையில் ஒன்று என்றுதான் டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

டெல்லியில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இருந்தவரை, ஜங்புராவில் அவள் வேலை செய்யும் வீடுகள் பத்து நிமிட நடைதான். அவசரம் என்றால் ஓடிப்போய் வந்துவிடலாம். கேம்ப்பை இடித்த பிறகு நகரத்தின் மறுகோடியில், நரேலாவில் வீடு கிடைத்தது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. விடியுமுன் கிளம்பினாலும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ரத்த அழுத்த மாத்திரை போட்டால் சற்று நேரத்தில் சிறுநீர் முட்டும். ஒருமுறை பாதி வழியில் இறங்கி, ஒதுங்க ஒரு மதிலைத் தேடி, அடுத்த பஸ் பிடித்து வந்தாள். அன்று இரண்டு வீடுகளில் பேச்சு வாங்கினாள்.

மூன்று வீடுகளிலும் கழிவறையைக் கழுவுவது அவள்தான். அதில் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, போகலாம் என்றும் சொன்னதில்லை. வாயால் சொல்லப்படாத விதியை மீறுவதுதான் கடினம். சர்க்கரையால் நாக்கு வறண்டாலும் மதியம்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

புதன்கிழமை டிஸ்பென்சரியில் அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரையைத் தினமும் போடுகிறாயா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் நம்பினார், அளவை இரட்டிப்பாக்கி எழுதிக்கொடுத்தார். இப்படியே போனால் பக்கவாதம் வரும் என்றும் சொன்னார். கேம்ப்பில் அடுத்த வீட்டில் இருந்த முத்துமாரிக்குப் போன குளிர்காலத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது ஒரு துணியைப் பிழிய அவளால் முடியாது. திரும்பும் வழியெல்லாம் வடிவு தன் வலது கையை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் வீட்டில், அந்தச் சீட்டைக் கல்யாணராமனிடம் நீட்டினாள். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் பி.பி. மெஷின் வைத்துத் தினமும் பார்த்துக்கொள்பவர். சீட்டைப் படித்துவிட்டு, தானும் இதே மாத்திரைதான் போடுவதாகச் சொன்னார்.

"ஒழுங்கா போட்டா இவ்வளவு ஏறாதே வடிவு. எனக்குப் பாரு, நார்மல்."

வடிவு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நீங்க இதப் போட்டுட்டு பதினோரு மணிக்குள்ள மூணு தடவ பாத்ரூம் போறீங்க சார். நான் எங்க போவறது?"

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அடுப்படியில் குழாய் நின்றது. அவர் மனைவி அம்சவேணி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"பத்து வருஷமா வரே. ஒரு வார்த்தை கேட்கறதுக்கு என்ன?"

"கேட்டு, நீங்க வேணான்னுட்டா அப்புறம் இந்த வீட்டுக்கு எப்படிம்மா வருவேன்?"

அம்சவேணி உள்ளே இருந்த குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு பால்கனிப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கழிவறை உண்டு. பல வருடங்களாக அதில் பழைய அட்டைப்பெட்டிகள் கிடந்தன.

"அதைக் காலி பண்ணிடலாம்," என்றாள்.

உள்ளே இருப்பதைத் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வடிவும் அதை எதிர்பார்க்கவில்லை. பெட்டிகளை இறக்கியதும் தரையைத் தேய்த்ததும் வடிவுதான். கல்யாணராமன் பழைய மேஜை விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி வந்து அங்கே மாட்டினார். அவளிடம் மாத்திரையின் அளவைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னார்: ஒழுங்காகப் போடவே இல்லை என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடு, பிறகு பழைய அளவே போதுமா என்று கேள்.

சனிக்கிழமை லீவு போட்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். டாக்டர் கோபித்துக்கொண்டார், பிறகு பழைய அளவையே எழுதினார்.

திங்கட்கிழமை வடிவு மாத்திரையை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். கல்யாணராமன் வீட்டுக்குள் நுழைந்த பிறகே அதை அவிழ்த்தாள். சர்க்கரை போடாத டீ வேண்டும் என்றும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள்.